மாற்றுச் சாவி

பாழாய்ப்போன தேர்தல் முடிந்து மூன்று மாதமாயிற்று. அதையொட்டி வந்த கலவரத்தில் கடைகள் எரிந்தன, மண்டைகள் உடைந்தன. கடைசியில் இரண்டு கட்சித் தலைவர்களும் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கென்ன, அத்தோடு தீர்ந்தது! தெருவில் குடியிருப்பவனுக்கல்லவா தெரியும் சங்கதி.

பூட்டுக்காரருக்கு மட்டும் வேலைக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்கு வீடு புதுப் பூட்டு. அவர் கதவைத் துளைத்துப் பொருத்தி முடிக்கும்வரை வீட்டுக்காரர்கள் அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "வேற சாவி ஏதும் வெச்சுக்கலையே?" என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. முன்பெல்லாம், "நீங்க திருடக் கிளம்பினா நாங்க அம்போதான்!" என்று கேலி செய்வார்கள். இப்போது அந்தக் கேலி யார் வாயிலும் வருவதில்லை.

மனிதர் ஒண்டிக்கட்டை. மனைவி போய்ச் சேர்ந்த வருடம் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அதிலிருந்து தன் வீட்டு மாற்றுச் சாவியை எதிர்வீட்டுத் தையல்காரியிடம் கொடுத்து வைத்திருந்தார். "காலையில கதவு திறக்கலைன்னா நீயே திறந்து பாரு, தங்கச்சி." அவள் வீட்டுச் சாவி ஒன்று இவரிடம் இருந்தது.

கலவரத்தன்று அவளும் மகனும் உயிருக்குப் பயந்து ஓடிவிட, வீட்டில் புகுந்தவர்கள் தையல் மிஷினை நொறுக்கிவிட்டுப் போனார்கள். புகுந்தது பூட்டுக்காரர் ஓட்டுப் போட்ட கட்சி. கதவில் ஒரு கீறல்கூட இல்லை.

"அப்போ சாவி யார் குடுத்தது?" என்றான் மகன். ஓடிய அவசரத்தில் அவனே பூட்டாமல் போயிருக்கலாம். யார் கண்டது? பூட்டுக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! அவன் அடுத்த தெருவிலிருந்து வேறொரு ஆளைக் கூட்டிவந்து பூட்டை மாற்றினான்.

மறுநாள் தையல்காரி வந்தாள். "உங்க சாவிண்ணே" என்று தரையைப் பார்த்துக்கொண்டே நீட்டினாள். வாங்கிக்கொண்டார். அவள் போனதும் வெட்கம் பாராமல் அழுதார். இனி செத்துக் கிடந்தால் நாற்றம் எடுத்தால்தான் ஊருக்குத் தெரியும் என்ற பயம் அவரை அரித்தது. ஊருக்கெல்லாம் பூட்டுப் போட்டவர், படுக்கும்போது தன் கதவை வெறுமனே சாத்தலாமா என்றுகூட யோசித்தார். ஆனால் அதற்கும் பயமாக இருந்தது.

ஒருநாள் வெயில் ஏறியும் அவர் எழுந்திருக்கவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுந்து யார் முகத்தில் விழிப்பது என்று கிடந்தார். அப்போது கதவு இடிபட்டது.

"அண்ணே! அண்ணே! இருக்கீங்களா?"

அவர் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். இடி பலத்தது. தட்டுத் தடுமாறிப் போய்த் திறந்தார். தையல்காரிக்கு மூச்சு வாங்கியது.

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு நிமிஷத்துல உயிரே போயிடுச்சு!"

அவர் ஆணியில் தொங்கிய மாற்றுச் சாவியை எடுத்து நீட்டினார். அவள் கை நீளவில்லை.

"வேணாம்ணே. பையனுக்கு இன்னும் மனசு ஆறல. எனக்கும்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா தினம் வந்து தட்டுறேன். உள்ள இருந்து ஒரு குரல் குடுங்க, போதும்."

மறுநாள் விடியுமுன்பே எழுந்து கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார் பூட்டுக்காரர்.