மாஸ்ரர் கேட்ட அனுமதி

போன கிழமை ஒரு தொலைபேசி அழைப்பு. மாஸ்ரர் செத்து ஒரு வருடமாகப் போகிறதாம். நினைவுமலர் போடுகிறார்களாம். அவருடைய ‘இலக்கியத் துணிச்சல்’ பற்றி நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். மலர்க்குழுத் தலைவர் மிகப் பணிவாகக் கேட்டார்.

“நீங்கள்தானே அண்ணை கடைசிவரை அவரோட நிண்டனீங்கள். உங்களை விட்டா ஆர் எழுதிறது?”

குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கால் வந்துவிட்டது. அறுபத்தைந்து வயதில் இப்படிச் சிரிப்பது உடம்புக்கு ஆகாது.

அந்தத் தேநீர் வாசத்தோடு லண்டன் செவன் கிங்ஸ் மாடியறையும் வந்து நின்றது. தகரத்தில் அடைத்த ரின்பாலில் போட்ட தேநீர், பசை, எரிவாயு அடுப்பின் சூடு, ஈரக் காலுறை எல்லாம் கலந்து நாறிய அறை. அங்கிருந்துதான் நாங்கள் இதழ் நடத்தினோம். மாஸ்ரர் ஆசிரியர், நான் துணையாசிரியர். வாசகர்களைவிட ஆலோசனைக்குழுவில் ஆட்கள் அதிகம். இதழின் பெயர் ‘பனியுருகல்’. சிரிக்காதீர்கள், நானும் ஒரு காலத்தில் அந்தப் பெயரைப் பெருமையோடு சொல்லித் திரிந்தவன்தான்.

பெயர் எங்கிருந்து வந்தது என்றால், மாஸ்ரர் ஊரில் மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். அவருக்குத் தேவாரமும் திருவாசகமும் ஒரேயொரு மொஸ்கோ மாத இதழ்தான். சோவியத்தை ஆண்ட கொடுங்கோலன் செத்து, அரசியல் கொஞ்சம் இளகி, பனி உருகுகிறது என்று சனம் மூச்சுவிட்ட காலத்தில், சிறைமுகாமில் கிடந்து வந்த ஒருவரின் கதையை அந்த இதழ் துணிந்து போட்டது. ஒரு பிரதியைப் பல வீடுகள் மாற்றி மாற்றி வாசித்தன. அதுவரை உழவு இயந்திரத்தைக் காதலித்துக்கொண்டிருந்த சோவியத் இலக்கியம் மனிதர் பக்கம் முகத்தைத் திருப்பியது. இவ்வளவும் உண்மை. மாஸ்ரர் வாயால் வந்ததற்காக அது பொய்யாகிவிடாது.

இதை அவர் கூட்டம் கூட்டமாகப் போய்ச் சொன்னார். ஒருமுறை அப்டன் பார்க்கில், புடைவைக் கடைக்கு மேலே இருந்த மண்டபத்தில் பேசினார். சைபீரியக் குளிரில் கைதிகள் பட்ட பாட்டை உருகி உருகிச் சொன்னார். முன்வரிசை எழுந்து கைதட்டியது. அந்த வரிசையின் நடுவில் இருந்தவர், தன் சொந்தப் பெடியளையே முகாமில் அடைத்துவைத்து அடித்த ஓர் ஆயுத இயக்கத்தின் லண்டன் பொறுப்பாளர். அவருடைய கைதட்டல்தான் எல்லாரையும்விடப் பெரிது. வெட்கம் என்ற சாமான் அந்த மண்டபத்தில் மருந்துக்கும் இல்லை.

பின்வரிசையில் தவம் என்றொரு பெடியன் இருந்தான். அதே இயக்கத்தின் முகாமிலிருந்து தப்பி வந்தவன். பெற்றோல் நிலையத்தில் வேலை. மாஸ்ரர் பேசியதை அந்த மண்டபத்தில் நம்பியவன் அவன் ஒருவன்தான் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டு கிழமையில் பதினேழு பக்கம் கையால் எழுதிக்கொண்டு மாடியேறி வந்தான்.

முகாமில் ஒரு கேள்வி கேட்டதற்காக அடித்தே கொல்லப்பட்ட நேசன் என்ற நண்பனின் கதை. யாழ்ப்பாணத்தில் பிறந்தும் சைக்கிள் ஓடத் தெரியாத நேசன்.

“பேரை மாத்தேல்லை அண்ணை” என்றான் தவம். “மாத்தினா அவன் பிறகு எங்கை இருக்கிறான்?”

மாஸ்ரர் வாசித்தார். கண்ணைத் துடைத்தார். இதுதான் எங்கட பனியுருகல் என்றார். பிறகு தாளை மேசையில் வைத்துவிட்டுத் தாடையைத் தடவினார்.

“மொஸ்கோவில அந்த இதழின்ர ஆசிரியர் என்ன செய்தவர்? மேலிடத்திட்டைக் கேட்டு, அனுமதி எடுத்துத்தானே போட்டவர். அதுதான் முறை. நாங்களும் கேப்பம்.”

“ஆரிட்டை மாஸ்ரர்?”

“வேற ஆர்? பொறுப்பாளரிட்டைத்தான்.”

மண்டையில் களிமண் இல்லாத எவனும் இந்த இடத்தில் எழுந்து போயிருப்பான். நான் தட்டச்சுப்பொறியில் தாளைச் செருகினேன். ‘மதிப்புக்குரிய தோழருக்கு’ என்று தொடங்கினேன். சரித்திரத்துக்குள் நுழைகிற அவசரத்தில் நகல்கூட எடுக்காமல், தவத்தின் கையெழுத்துப் பிரதியையே உறையில் வைத்து நாக்கால் நக்கி ஒட்டினேன். கடைசிப் பக்கத்தில் அவனுடைய முழுப்பெயரும் ஊர் விலாசமும் இருந்தன. எழுதுகிறவர்கள் கட்டாயம் அதை எழுத வேண்டும் என்பது எங்கள் இதழின் விதி. விதியைப் போட்டவனும் நான்தான்.

பதில் எங்களுக்கு வரவில்லை. ஊரில் தவத்தின் வீட்டுக்குப் போனது. இரண்டு பேர் போய் அவன் தம்பியை விசாரிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒன்பதாம் நாள் விட்டார்கள். அதன்பிறகு அந்தப் பெடியனுக்கு வலது காது கேட்கவில்லை.

தாயின் கடிதத்தோடு தவம் வந்தான்.

“மாஸ்ரர், என்ர கதையைத் திருப்பித் தாங்கோ.”

“அது அவையளிட்டை இருக்கு தம்பி. கொஞ்சம் பொறும். காலம் இன்னும் கனியேல்லை.”

தவம் என் பக்கம் திரும்பினான். “கடிதம் ஆர் அடிச்சது?”

“நான்.”

தவம் படியிறங்கிப் போனான். அந்த மாதம் எங்கள் இதழில் மாஸ்ரரின் பன்னிரண்டு பக்கக் கட்டுரை வந்தது. தலைப்பு, ‘மொஸ்கோவின் அஞ்சாத ஆசிரியர்’. எழுத்துப்பிழை பார்த்தவன் யார் என்று கேட்கமாட்டீர்கள்தானே. பிறகும் பல வருடம் நான் மாஸ்ரரோடு நின்றேன், மானம் கெட்டு.

மலர்க்குழு கேட்டதற்குப் பிறகு, ரெய்னர்ஸ் லேனில் இருக்கும் தவத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. அந்தக் கதையைத் திரும்ப எழுத ஏலுமா என்று கேட்டேன். கேட்கும்போதே நாக்குக் கூசியது.

“ஏலாது அண்ணை” என்றான். “அவன்ர முகமே இப்ப வருகுதில்லை. குரலும் போயிட்டுது. அதெல்லாத்தையும் அந்தப் பதினேழு பக்கத்திலதான் வைச்சிருந்தனான்.”

அந்தச் சோவியத் நாடு இன்று இல்லை. அந்த இயக்கமும் இல்லை, பொறுப்பாளரும் இல்லை. செவன் கிங்ஸ் மாடியறையில் இப்போது யாரோ நகம் வெட்டி மெருகு பூசுகிறார்கள். மாஸ்ரரும் போய்ச் சேர்ந்தார், துணிச்சல்காரர் என்ற பெயரோடு. பதினேழு பக்கம் எந்தக் குப்பையில் போனது என்று சொல்ல ஒருவரும் மிச்சமில்லை.

ஆகவே மலர்க்குழுத் தலைவரே, நீங்கள் கேட்ட ஒரு பக்கம் இதுதான். அவன் பெயர் நேசன். அவனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. முடிந்தால் இந்த இரண்டு வரியையாவது போடுங்கள். ஒருவரிடமும் கேட்காமல் போடுங்கள்.