சந்தனம் பட்ட தட்டு

பரமலிங்கத்துக்குச் சொந்த வீட்டில்கூடக் கிடைக்காத மரியாதை, யாழ்ப்பாணத்தில் மருதனார்மடம் சந்திக்குப் பக்கத்திலிருந்த ஒரு நலன்புரிச் சங்கத்தின் கொம்பியூட்டர் அறையில் கிடைத்தது. 1985இல் அந்த அறைக்கு ஏசி பூட்டி, ஒரேயொரு கொம்பியூட்டரை வைத்து, அவரைப் பொறுப்பாக்கினார்கள். யாரானாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். சங்கத் தலைவரே ஒருநாள் செருப்போடு வந்து பரமலிங்கத்திடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இத்தனைக்கும் அந்த மெசின் அப்போது செய்த வேலை, அங்கத்தவர்களின் விலாசங்களை அச்சடிப்பது மட்டும்தான்.

வேலை கூடியது தொண்ணூறில். மின்சாரம் நின்றதும் அதே வருடம்தான். சண்டையால் வடக்குக் கரை ஊர்களிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் குடும்ப விபரம், காணி விபரம் எல்லாவற்றையும் அந்தப் பெட்டிக்குள் பதியச் சொன்னது சங்கம். ஏசி ஓடாத அறையில் பரமலிங்கம் சன்னல்களுக்கு நனைத்த சாக்குத் தொங்கவிட்டார், கொம்பியூட்டரின் மூடியைக் கழற்றி வைத்தார், மண்ணெண்ணெய் ஜெனரேட்டரில் காலையில் இரண்டு மணித்தியாலம் மட்டும் வேலை செய்தார். அப்படியும் தொண்ணூற்றிமூன்று சித்திரை வெக்கையில் உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க் என்கிற பெரிய தட்டு செத்துப்போனது. நல்லவேளை, எல்லாம் பிளொப்பித் தட்டுகளிலும் இருந்தது. புதிய தட்டுகள் யாழ்ப்பாணத்துக்கு வராத காலம். ஆகவே ஒரேயொரு பிரதி. கடதாசிக்கும் தட்டுப்பாடு என்பதால் அச்சடித்து வைக்கவில்லை.

வடக்குக் கரை மயிலிட்டியிலிருந்து வந்த ஏரம்பு தொண்ணூற்றியொன்றிலேயே வந்து பதிந்தவர். காணி உறுதிப் பத்திரம், விட்டுவிட்டு ஓடிவந்த வீட்டில் கிடந்துபோனது. ஆனால் மனிசனுக்கு உறுதி இலக்கம், அதை எழுதிய நொத்தாரிசின் பெயர், நாலு பக்க எல்லை எல்லாம் மனப்பாடம். கண்ணை மூடிக்கொண்டு அவர் சொல்லச் சொல்லப் பரமலிங்கம் அடித்தார். முடிந்ததும், மனைவி தங்கமுத்துவுக்கு ஒரு துண்டில் எழுதித் தரமுடியுமா என்று ஏரம்பு கேட்டார். அது தன் பெட்டியைக் குறைத்துச் சொன்ன மாதிரிப் பரமலிங்கத்துக்குப் பட்டது.

"துண்டு துலைஞ்சுபோம் அண்ணை. இது துலையாது."

அடுத்த வருடம் ஏரம்பு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

தொண்ணூற்றிமூன்று நவராத்திரிக்கு ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. வழக்கமாகச் சரஸ்வதி பூசைக்குக் கொம்பியூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பவர், ஓடாத பெட்டிக்கு என்ன பூசை என்று, தட்டுகளை இணுவிலில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். பிள்ளைகளின் புத்தகங்களோடு கும்பத்தடியில் அடுக்கி, மேலே இருந்த தட்டுக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பொட்டு வைத்தார். அந்தத் தட்டில் உள்ளே சுழலும் தகடு தெரிகிற ஒரு வெட்டு உண்டு; அதில் யாராவது விரல் வைத்தால் துள்ளி விழுகிற மனிதர் அவர். ஆனாலும் கடதாசி உறையின் மேல்தானே என்று நினைத்தார். சந்தனம் கொஞ்சம் தண்ணியாகிவிட்டது.

பூசைக்கு வைத்ததை விசயதசமிவரை தொடக்கூடாது. ஒருவரும் தொடவில்லை. எடுத்தபோது உறை ஊறி, மயிலிட்டிக்காரரின் விபரம் இருந்த அந்தத் தட்டின் வெட்டுக்குள் மஞ்சளாக ஒட்டியிருந்தது. பதறிப்போய் வேட்டித் தலைப்பால் துடைத்தார். பிறகு மண்ணெண்ணெய் கிடைத்து எத்தனை தரம் போட்டாலும் மெசின் அதை வாசிக்கவில்லை.

அடுத்த மாதமே தங்கமுத்து வந்தாள். மகளுக்குச் சீதன உறுதி எழுத அந்த விபரம் வேண்டுமாம். அச்சடிக்க றிபன் இல்லை, பிறகு வாருங்கள் என்றார் பரமலிங்கம். அடுத்தமுறை மண்ணெண்ணெய் இல்லை என்றார். இரண்டும் உண்மையாகவே இருந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று. இப்படியே இரண்டு வருடம் அந்த மனிசியை நடக்கவைத்தார். அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனாலும் உண்மையைச் சொல்லவில்லை.

தொண்ணூற்றியைந்து ஐப்பசியில், ஆமி வருகிறது என்று, வலிகாமப் பகுதிச் சனம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. மறுநாள் பகல், மழைக்குள், நாவற்குழிப் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த பரமலிங்கத்தைத் தங்கமுத்து கண்டுவிட்டாள். தலையில் ஒரு சாக்கு மூட்டை, பக்கத்தில் மகள்.

"தம்பி, அவர் சொன்னதுகள் இருக்கிற தட்டைக் கொண்டந்தனீங்களோ?"

எறிய மனம் வராமல், பொலித்தீனில் சுற்றிப் பையில் அதை வைத்திருந்தார். உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார்.

"ஓம் அக்கா. என்னட்டைத்தான் கிடக்கு."

"அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்," என்று சொல்லிச் சிரித்தாள் தங்கமுத்து. பின்னால் வந்த சனம் தள்ள, தாயும் மகளும் முன்னே போனார்கள்.

ஏரம்பு சொன்ன நாலு எல்லையில் ஒன்றாவது ஞாபகம் வருகிறதா என்று பாலம் முடியும்வரை பரமலிங்கம் யோசித்துக்கொண்டு நடந்தார். தன் கையால் அடித்ததுதான். வடக்கு என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.