முன்கூட்டியே அணைத்த கற்பூரம்

என் மாமியாருக்கு மறதி நோய் வந்துவிட்டதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவர் என் மாமியார்தான். எண்பதுகளில், எங்கள் மலையூரான கொட்டச்சேட்டில் எங்களுக்கு இருந்த கொஞ்சம் காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கிற சமயம். காலையிலிருந்து வீட்டுச் சாவியைக் காணவில்லை. எனக்கு ஏதாவது காணாமல் போனால் கைக்கு முன்னால் வாய்தான் தேடும். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே, களிக்கு மாவு எடுக்க ராகிப் பானைக்குள் கையைவிட்ட அத்தை அப்படியே நின்றுவிட்டார். கையை வெளியே எடுத்தபோது அதில் சாவி இருந்தது.

"நீங்கதான் வெச்சீங்களா அத்தை?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"என்ற மாமியாளும் இந்தப் பானைக்குள்ளதான் சாவிய வெப்பா கண்ணு. எனக்கும் வந்துருச்சு."

சாவியை மறந்து வைக்காத மனுஷர் உண்டா என்றேன். அவர் அடுப்படியில் உட்கார்ந்து, அதுவரை என்னிடம் சொல்லாததைச் சொன்னார். அவருடைய மாமியாருக்கும் சாவியில்தான் ஆரம்பித்ததாம். பிறகு ஒருநாள், காதுத் தோட்டைக் காணோம், மருமகள் திருடிவிட்டாள் என்று தெருவில் நின்று கூவியிருக்கிறார். ஊர் கூடி இவரை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தது. அப்போது என் கணவர் கைக்குழந்தை. கிழவி இறந்த பிறகு கூரையைப் பிரித்து வேயும்போது, புல்லுக்குள் செருகிய துணி முடிச்சில் தோடு கிடைத்தது. சத்தியம் வாங்கியவர்களில் ஒருவர்கூட வந்து மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தோடுதான் அத்தையின் காதில் இருந்தது.

"சாவறதுக்குப் பயமில்ல சாமி. உன்னத் திருடின்னு சொல்லிப்போடுவனோன்னுதான் நொம்பப் பயமா இருக்குது."

என் கணவர் அவரை பஸ் ஏற்றிச் சேலத்துக்குக் கூட்டிப்போனார். வயதானால் இப்படித்தான் என்று சொல்லி டாக்டர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். எங்கள் மனம் கோணக் கூடாதென்று அத்தை அதை ஒழுங்காகக் குடித்தார். ஆனால் அடுத்து என்ன வரும் என்பதை எனக்கு மட்டும் சொல்லி வைத்தார். "இனி வழி தப்பும். அப்பறம் ஆள் அடையாளம் போயிரும். அதுக்கப்பறம் வாய்." வாய் என்றது, திருடி என்று கூவப்போவதைத்தான். ஒருநாள் தோட்டத்துக்குப் போனவர் செம்மநத்தம் பாதையில் திகைத்து நின்றிருக்கிறார். தெரிந்த கண்டக்டர் ஏற்றிவந்து இறக்கிவிட்டார். என்னைப் பார்த்ததும், "வழி தப்பிருச்சு" என்றார் அத்தை. அவ்வளவுதான் சொன்னார்.

மறுநாளே தலைக்குக் குளித்து, என்னைக் கோயிலுக்கு அழைத்துப்போனார். அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டிருந்தார். எல்லார் முன்னிலையிலும் தன் தோட்டைக் கழற்றி என் காதில் போட்டுவிட்டுக் கற்பூரம் ஏற்றினார்.

"இந்தத் தோட்ட நானாத்தான் இவளுக்குக் குடுத்தேனுங்க. இவ எம்பொருளத் தொடமாட்டா. நாளைக்கு நானே வந்து திருடிட்டான்னு அழுதாலும் நம்பாதீங்க" என்று உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தார்.

கூட்டத்தில் ஒருவர், "ஏனுங்க, நடக்காததுக்கெல்லாமா சத்தியம் பண்ணுவாங்க?" என்று கேலியாகக் கேட்டார்.

"நடக்கறப்ப எனக்குத் தெரியாதுங்களே" என்றார் அத்தை.

எனக்குக் கூச்சமாகவும் கோபமாகவும் இருந்தது. நான் கேட்டேனா இந்தத் தோட்டை? வீட்டுக்கு வந்து வெடுக்கென்று அதைச் சொல்லவும் சொன்னேன். அவர் தன் உள்ளங்கையில் சிவந்த இடத்தை ஊதிக்கொண்டிருந்தார்.

அன்று முதல் அந்தப் பயம் எனக்கும் வந்துவிட்டது. அவர் பார்வை என் காதுப் பக்கம் திரும்பினாலே முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொள்வேன். ஊர் நம்பாது என்பது ஒரு ஆறுதல்தான். ஆனால் 'திருடி' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்க எனக்குத் தைரியம் இல்லை. இதற்குள் அவருக்கு மகனைத் தெரியாமல் போனது. பிறகு என்னையும் தெரியவில்லை. யாரோ புதுசாகக் கட்டிக்கொண்டு வந்த பெண் என்று நினைத்து, சாப்பிட்டாயா, உன் அம்மா எந்த ஊர் என்று விசாரிப்பார்.

அடை மழை பெய்த ஒரு மத்தியானம், முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தேன். கை வேலையாக இருந்ததால் முந்தானை நழுவியதைக் கவனிக்கவில்லை. நிமிர்ந்தால் எதிரே அத்தை. என் காதையே வெறித்துப் பார்த்தபடி நின்றார்.

"இந்தத் தோடு யாருது?"

முறத்தைக் கீழே வைத்தேன். வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து குனிந்து கிசுகிசுத்தார்.

"கழட்டி ஒளிச்சு வெய்யி சாமி. இந்த ஊட்டுல ஒரு மாமியாக்காரி இருக்கறா. தோட்டக் காணோம்னு உன்னக் கோயிலுக்கு இழுத்துட்டுப் போயிருவா."

செத்துப்போன தன் மாமியாரைச் சொன்னாரா, தன்னையே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றேன். அது நிஜம்.

அவர் என் கன்னத்தில் கையை வைத்தார்.

"பயப்படாத கண்ணு. நீ எடுக்கலைன்னு நான் வந்து கற்பூரம் அணைக்கறேன்."

ஏற்கெனவே அணைத்துவிட்டீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.