கன்னியம்மாவின் செவலைப் பசு

இன்று காலை கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க மாட்டாஸ்பத்திரி டாக்டர்தானே? நான் கன்னியம்மாங்க. எங்க செவலைப் பசுவ பார்த்தீங்களே."

எப்படி மறப்பேன்? எண்பதுகளின் தொடக்கம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அவருடைய பசு எச்சில் ஒழுக, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் நின்றது. தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறதென்று வெறுங்கையை வாய்க்குள் விட்டுத் துழாவினேன். ஒன்றுமில்லை. அப்போதுதான் கேட்கத் தோன்றியது.

"நாய் ஏதாவது கடிச்சுதாம்மா?"

"ஆமாங்க, போன மாசம். காயம் ஆறிப்போச்சேனு வுட்டுட்டோம்."

கையை உருவிக்கொண்டேன். வெறிநோய். அறிகுறி வந்தபின் எந்த மருந்துக்கும் கேட்காது. "கிட்ட போகாதீங்க" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. அவர் எட்ட நின்று அழுதார். பசு கரகரத்த குரலில் அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் செத்தது.

மூளையைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முடிவு வருமுன்பே நானும், அதுவரை பசுவின் எச்சிலைத் துடைத்துவிட்டிருந்த அவரும் பெரியாஸ்பத்திரி வரிசையில் நின்று, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டோம். நாங்கள் பிழைத்தோம்.

இன்று அவர் கேட்டார்: "இப்பவாவது அதுக்கு மருந்து கண்டுபுடிச்சிட்டாங்களா சார்?"

"கடிச்ச உடனே போட்டா தடுப்பூசி காப்பாத்தும்மா. நோய் வந்துட்டா இன்னிக்கும் ஒண்ணும் பண்ண முடியாது."

"இத்தினி வருஷமாவா?"

"நான் ரிட்டயர் ஆயிட்டேன்மா" என்றேன்.

இதைவிட மோசமான பதிலை யாராவது சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.