எதிர்வீட்டு அன்ரியின் ‘சா’

பார்க்டேலில், ஊரைவிட்டு வந்து நாங்கள் இருந்த அடுக்குமாடியில் எதிர்க்கதவு ஒகினாவா அன்ரியுடையது. ஒகினாவா ஜப்பானின் தெற்கில் ஒரு தீவு என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மாவும் அப்பாவும் வேலையால் வரும்வரை, பள்ளி விட்டதும் நான் அன்ரி வீட்டில்தான் இருப்பேன். அவர் மொழி பேசிய கணவர் காலமாகிப் பல வருடங்கள். பேச்சுத் துணைக்கு ஆறு வயதான நான் மட்டும்தான்.

அன்ரிக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம். ஆனால் எந்த வசனத்தை முடித்தாலும் கடைசியில் ஒரு ‘சா’ போடுவார். “கோல்ட், சா.” “ஈட், சா.” இழுத்து, மெல்ல இறக்கிச் சொல்வார். எனக்கும் தொற்றிக்கொண்டது. ஒருநாள், “அப்பா, பசிக்குது சா” என்றேன். அம்மா அகப்பையோடு திரும்பினார்.

“எடியே, என்ன கதை உது? தேப்பனைப் பாத்துச் சா எண்டுறாய்!”

அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அதன்பிறகு அவர் வேலைக்குப் போகும்போதெல்லாம் அம்மாவுக்குக் கேட்காமல், “போட்டு வாறன், சா” என்று என் காதில் சொல்லிவிட்டுத்தான் போவார்.

அந்தக் குளிர்காலம் அப்பா வேலை செய்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அதோடு சரி.

வீடு நிறையச் சனம். அன்ரி ஒரு கிண்ணத்தில் சூப் கொண்டுவந்தார். அம்மாவுக்கு முன்னால் நிலத்தில் இருந்து, அவருடைய கைகளைப் பிடித்தபடி, “குட் மேன், சா” என்று அழுதார். பிறகு கிண்ணத்தை நீட்டி, “யூ ஈட், சா” என்றார்.

பெரியம்மா பதறி எழும்பினார். “செத்த வீட்டில வந்து, இருக்கிறவளையும் சா எண்டெல்லோ சொல்லுறா!”

அம்மா கைகளை இழுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, “அன்ரிட்டச் சொல்லு பிள்ளை, அது எங்கட பாசையில கூடாத சொல்லெண்டு” என்றார்.

சொன்னேன். செத்துப்போ என்று அர்த்தம் என்பதையும் ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன். அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார். தலை நிலத்தில் முட்டும்படி அம்மாவைக் குனிந்து வணங்கிவிட்டு எழுந்து போனார்.

சில நாள் கழித்து அம்மாவே போய் அவர் கதவைத் தட்டினார். “பிழையா எடுக்காதேங்கோ” என்று தமிழும் ஆங்கிலமுமாகக் கேட்டுக்கொண்டார். அன்ரி சிரித்தார். பின்னேரங்களில் முன்போலவே என்னைப் பார்த்துக்கொண்டார். ஆனால் ஒவ்வொரு வசனம் முடியும்போதும் உதடுகளை இறுக மூடுவார். போகப் போகப் பேச்சே குறைந்தது. ஒன்றும் சொல்லாமல் தட்டை என் பக்கம் தள்ளிவிடுவார்.

அந்தச் சொல்லுக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை என்று வளர்ந்த பிறகுதான் அறிந்தேன். “கவனமாப் போ, என்ன” என்று நாங்கள் சொல்லும்போது வருகிற அந்த ‘என்ன’ மாதிரி, சொல்வதை இளக்கி அடுத்தவரிடம் சேர்க்கும் ஓர் ஓசை. அவர் ஊர்ப் பேச்சில் அவரிடம் புழக்கத்தில் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான்.

பிறகு ஒரு கோடையில், ஆங்கிலம் மட்டுமே தெரிந்த அவர் மகன் வந்து அவரைத் தான் வசிக்கும் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனார். லிஃப்ற் வாசலில் அன்ரி என்னை அணைத்து, “பி குட்” என்றார். இன்னும் ஏதோ வர இருந்ததுபோல் வாய் திறந்தது. உடனே மூடிக்கொண்டார். அம்மா அழுதுகொண்டிருந்தார். அன்ரிக்கு என்னில் கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் அவருக்குக் கை காட்டாமலே உள்ளே போய்விட்டேன்.