மாவு கழன்ற பச்சைத் தக்காளி

வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.10. பாங்காக் வழியாக யாங்கோனில் வந்து இறங்கியபோது என் பெட்டியில் நாலு சேலையும் இரண்டு கிலோ மக்காச்சோள மாவும் இருந்தன. சேலை எனக்கு. மாவு, என் மகள் நிலாவைத் திருப்பூருக்குத் திரும்ப அழைத்துப் போவதற்கு.

நிலா பதினான்கு மாதமாக இங்கே, யாங்கோனின் ஆலைப் பகுதியான லைங் தாயாவில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறாள். ஒப்பந்தம் முடியப்போகிறது. திரும்பி வருவாயா என்று போனில் கேட்டால், "பார்க்கலாம்மா" என்பாள். அவளுடைய ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை நாங்கள் அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அவள் அப்பாவுக்கு நூற்பாலை இயந்திர வேலை. பக்கத்து வீட்டு லோரெட்டா அம்மாள்தான் எனக்குப் பச்சைத் தக்காளி பொரிக்கக் கற்றுக் கொடுத்தவர். வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி, மோரில் முக்கி, மக்காச்சோள மாவில் புரட்டி, இரும்புச் சட்டியில் பொரிக்க வேண்டும். ஞாயிறுதோறும் செய்வேன். நிலா தட்டையும் சேர்த்துத் தின்றுவிடுவாள் போலிருக்கும். அதை ஒருமுறை கண்ணில் காட்டினால் பெண் பெட்டி கட்டிவிடுவாள் என்று நம்பித்தான் விமானம் ஏறினேன்.

அழைத்துப் போக என் சித்தப்பா மகள் கோமதி வந்திருந்தாள். என் அப்பா இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறியபோது சித்தப்பா துறைமுக வேலையை விடாமல் இங்கேயே தங்கிவிட்டார். கோமதி லான்மடாவில் நூலும் பொத்தானும் விற்கும் கடை வைத்திருக்கிறாள். தெருவில் அவளுக்குப் பர்மியப் பெயர், டோ கின். நிலாவுக்கு டோலே, பர்மிய மொழியில் சித்தியை அப்படித்தான் அழைக்கிறார்கள். நிலா தங்கியிருப்பது அவள் வீட்டில்தான். லான்மடாவுக்குப் பதினாறு கிலோமீட்டர், டாக்ஸிக்கு இருபத்தைந்தாயிரம் கியாட். எத்தனை நாள் என்று ஓட்டுநர் கேட்டாராம்.

"நாலு நாளுன்னு சொன்னேன்" என்றாள் கோமதி. "மகளக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்கன்னும் சொல்லிட்டேன். சரிதானேக்கா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலை 6.30. ஆறாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஒவ்வொரு வீட்டு பால்கனியிலிருந்தும் தெருவரை ஒரு கயிறு தொங்குகிறது. கீழே யாராவது இழுத்தால் மேலே மணி அடிக்கும். காய்கறி, பத்திரிகை எல்லாம் அதில்தான் ஏறி வருகின்றன. நிலா வந்தாள், கட்டிக்கொண்டாள், இளைத்திருக்கவில்லை. அதுவே எனக்கு லேசாக உறுத்தியது. அப்புறம் கோமதி ஒரு தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். பொரித்த பச்சைத் தக்காளி.

"நான்தாம்மா டோலேக்குச் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் நிலா.

கடித்தேன். அப்பளம் நொறுங்குவதுபோல் நொறுங்கியது. உள்ளே புளிப்பு அப்படியே இருந்தது, ஒரு சொட்டு எண்ணெய் கையில் ஒட்டவில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தவளாக உட்கார்ந்திருந்தேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். வயிறு எரிந்தது.

சனிக்கிழமை, காலை 7.15. க்யிம்யிண்டைங் ஆற்றங்கரைச் சந்தை. படகிலிருந்து கூடைகள் இறங்கிக்கொண்டே இருக்கின்றன. இங்கே காயை இன்னும் வீசைக் கணக்கில்தான் நிறுக்கிறார்கள். ஒரு வீசை ஒன்றரைக் கிலோவுக்கும் கொஞ்சம் மேல். பச்சைத் தக்காளி வீசை ஐயாயிரம் கியாட். பர்மியருக்கு அது அன்றாடச் சாமான். வேர்க்கடலையும் எள்ளும் போட்டுப் பிசைந்து தின்கிறார்கள். திருப்பூரில் நான் அதற்காகக் கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

திரும்பும் வழியில் கோமதி ஒரு வெற்றிலைக் கடையில் நின்று சுண்ணாம்பு மட்டும் வாங்கினாள். அவள் வெற்றிலை போடுபவள் அல்ல.

"எதுக்கு?" என்றேன்.

"தக்காளிக்குத்தான். தண்ணில கரைச்சு, தெளிஞ்சதும் மேல் தண்ணில துண்ட அர மணி ஊறப் போடுவேன். அப்புறம் நல்லாக் கழுவி, துடைச்சு, உங்க மோரு, உங்க மாவு. இங்க சொரக்காப் பொரிக்க இப்புடிச் செய்வாங்க. நாளைக்கு நீங்களும் போடுங்கக்கா."

"ஜார்ஜியாவுல சுண்ணாம்பெல்லாம் போடறதில்ல" என்றேன், ஏதோ அந்த மாநிலமே என் பெயரில் பட்டா ஆனதுபோல.

ஞாயிறு, பகல் 11.00. மின்சாரம் இல்லை. முறை வைத்து நிறுத்துகிறார்கள். கரி அடுப்பு, கடலை எண்ணெய். கோமதி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கிறாள் என்பதாலேயே எனக்கு அவசரம். உப்புத் தூவிய துண்டுகள் நீர் விடுவதற்குக் காத்திருக்கவில்லை, துடைக்கவுமில்லை. மோரில் முக்கினேன், மாவில் புரட்டினேன், போட்டேன். திருப்பியபோது மாவு பழைய சுவரின் சுண்ணாம்புபோல் பாளம் பாளமாகக் கழன்று வந்தது. அடுப்புச் சூடு சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

தட்டில் தக்காளி ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம். நிலாவின் முன் வைக்கவே கூசியது. அவள் மாவுப் பாளத்தை முதலில் எடுத்துத் தின்றாள். அப்புறம் வழுக்கிக்கொண்டு நின்ற தக்காளியை. அப்புறம் இன்னொன்று. ஒன்பது துண்டும் தீர்ந்தன.

"இதேதாம்மா" என்றாள். "அங்கயும் இப்படித்தான் கழண்டு வரும். மாவத் தனியாத் தின்னுட்டு, புளிப்பக் கடைசியாத் தின்பேன். டோலே பண்றதுல மாவு கழலவே மாட்டேங்குது."

பதினாறு வருஷமாக என் வறுவல் மொறுமொறுவென்று இருந்ததாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோமதியின் முகம் சுண்டிப்போனது. நிலா கை கழுவப் போனதும் சட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "ஏழு தடவ செஞ்சேன்க்கா. ஒவ்வொரு தடவையும் 'நல்லாருக்கு டோலே, ஆனா அம்மாது மாதிரி இல்ல'ன்னு சொல்லிச்சு. இன்னும் மொறுமொறுப்பு வேணும்போலன்னு சுண்ணாம்பு வரைக்கும் போனேன். நீங்க வர்றீங்கன்னதும் எனக்கு ரெண்டு நாளு தூக்கமில்ல."

எனக்குள் குளுகுளுவென்றிருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன். அந்தத் தெம்பில் நிலாவிடம் போய், "அப்புறம் என்ன கண்ணு, ஊருக்குக் கிளம்பலாமா?" என்றேன்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்மா. இன்னும் ரெண்டு வருஷம். நேர்ல சொல்லலாம்னுதான் இருந்தேன்."

திங்கள், காலை 6.20. அழுத முகத்தோடு அவளுடன் ஆலைப் பேருந்தில் போனேன். அதை இங்கே ஃபெரி என்கிறார்கள். லைங் தாயாவில் பேருந்துகள் வரிசையாக நின்று பெண்களை இறக்கிவிடுகின்றன, கையில் தூக்குவாளி, கன்னத்தில் சந்தனம்போல் அரைத்துப் பூசிய தனாக்கா மரப்பட்டை. திருப்பூரை அப்படியே பெயர்த்து வைத்ததுபோல் இருந்தது. ஒரு பெண்ணிடம், அம்மாவை எப்போது பார்ப்பாய் என்று நிலா மூலம் கேட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை, புத்தாண்டு தண்ணீர்த் திருவிழாவுக்கு என்றாள். எங்கள் ஊரில் ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் தினமும் என் வாசல் வழியாகத்தான் ஆலைக்குப் போகிறார்கள். ஒருத்தியிடமும் இதைக் கேட்டதில்லை. அவர்கள் எல்லோருக்கும் அம்மா உண்டு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

செவ்வாய், காலை 8.00. விமான நிலையத்துக்கு டாக்ஸி. நிலா அரை நாள் விடுப்பில் முன் இருக்கையில். கோமதி என் காதருகில் கேட்டாள்: "அந்த மாவு கழலுறது எப்புடிக்கா?"

"அது கைப்பக்குவம்" என்றேன். சொல்லிக் கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு வருஷம் பெண்ணை வைத்துக்கொள்ளப் போகிறவளுக்கு அதையுமா கொடுப்பது?

வாசலில் நிலா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள், தலை கோமதியின் தோளில். எனக்கு இருந்த ஆத்திரத்தில் கையைக்கூட ஆட்டவில்லை.

காலை 10.05. குடிவரவுச் சோதனை முடிந்து உட்கார்ந்தேன். என் ஊருக்கும் இந்த ஊருக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். நான் கடிகாரத்தைத் திருப்பி வைக்கவில்லை. வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைகளை எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் நிலா தட்டைப் பார்த்து 'நல்லாருக்கு டோலே' என்று சொல்லிவிட்டு, 'அம்மாது மாதிரி இல்ல' என்பதை மனதுக்குள் வைத்துக்கொள்ளப்போகிறாள். கோமதிக்குப் போன் போட்டேன். இன்னும் டாக்ஸியில்தான் இருந்தார்கள்.

"கோமதி, சுண்ணாம்பு வேண்டாம். துண்டத் தொடைக்காத. உப்புப் போட்டதும் ஈரத்தோட மோர்ல முக்கி, உடனே மாவுல பொரட்டிப் போட்டுரு. அவசரமாச் செய்யணும்."

அந்தப் பக்கம் பைக்குள் பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னொரு தடவ சொல்லுங்கக்கா, எழுதிக்கிறேன்" என்றாள்.

வயிறு எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு தடவை, நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.