எட்டு அங்குலக் கட்டில்

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை சென்னையில் வந்து இறங்கினேன். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் கிளம்பும்போது மேலே போட்டிருந்த கனமான கோட்டு, விமான நிலைய வாசலிலேயே கைக்குப் பாரமாகிவிட்டது. மயிலாப்பூருக்குப் பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். டாக்ஸிக்கு அறுநூற்றைம்பது ரூபாய். கிண்டி தாண்டி, நந்தனத்தில் நின்று நின்று, லஸ் முனையை அடைவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. மெட்ரோ ரயிலுக்காக லஸ்ஸைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். தகர மறைப்புகளுக்கு நடுவே பேருந்தும் ஆட்டோவும் மனிதர்களும் ஒரே சந்தில் நுழையப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஃபாரின்ல இன்னா வேலை மேடம்?" என்று கேட்டார் டிரைவர்.

ஜப்பானிய வீட்டுச் சாமான்கள் விற்கும் கடை என்றேன். தாழ்வான கட்டில், தரையில் விரிக்கும் வைக்கோல் பாய், குட்டை மேசை. ஐரோப்பாவில் இப்போது நிறையப் பேர் வீட்டில் இருப்பதையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டு, வெறும் அறையில் தரையை ஒட்டிப் படுக்க விரும்புகிறார்கள் என்று சொன்னேன்.

"வெள்ளக்காரன் பாய்ல படுக்கிறானா? எவ்ளோ ஆவும்?"

"கட்டில், மெத்தை, பாய் எல்லாம் சேர்த்து ரெண்டு லட்சம் வரும்."

"யம்மா! என் வூட்ல நாலு பேரு தரையிலதான் படுத்துக்கினு கீறோம். எவனும் வந்து போட்டோ புடிக்கல."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் பயணத்தில் நான் சிரித்தது அதோடு சரி.

அக்காவின் வீடு கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. கதவைத் திறந்தவர் அக்காவின் கணவர். எங்களுக்கு எப்போதும் மாமா. எழுபத்து நான்கு வயது. போன வருடம் இதய ஆபரேஷன் ஆனபிறகு அவர் சட்டைக்குள் பாதி ஆள்தான் மிச்சம் இருந்தார்.

வசந்தா அக்கா கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். மறதி நோய் வந்து நான்கு வருடம் ஆகிறது. படுக்கையறையில் கட்டிலைக் கழற்றிச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். அக்கா தரையில் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "இவ்ளோ லேட்டா வந்தா வெளியதான் நிக்கணும்" என்றாள்.

"சரி டீச்சர்" என்று நான் கதவோரம் நின்றேன். அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

கட்டிலில் இருந்தபோது அக்கா இரண்டு முறை விழுந்திருக்கிறாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று தூக்கத்திலிருந்து எழுந்து இறங்குவாளாம். இரண்டாவது முறை மணிக்கட்டு முறிந்தது. அதன்பிறகுதான் மாமா கட்டிலைக் கழற்றினார்.

"கீழ படுத்தா விழறதுக்கு இடமே இல்லையே. அவளே சுவத்தைப் புடிச்சு எழுந்து ஒரு சுத்து சுத்திட்டு வந்து படுத்துக்குவா. ஆறு மாசமா ஒண்ணும் ஆகல. ஆனா எழுந்திருக்க முடியாத நாள்ல நான்தானே தூக்கணும்? டாக்டர் ஒரு குடம்கூட தூக்கக் கூடாதுங்கிறாரு" என்றார் மாமா. சற்றுக் கழித்து, "என் தங்கச்சி வந்து பாத்துட்டு, உயிரோட இருக்கறவளை இப்படிக் கீழ போட்டிருக்கியேன்னு ஒரே அழுகை" என்றார்.

அதனால்தான் அடையாறில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இடம் பார்த்திருந்தார். அக்காவைக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் நான் வந்திருந்தேன். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை.

செவ்வாய்க்கிழமை இல்லத்தைப் பார்க்கப் போனோம். மந்தைவெளி வழியாக, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றறுபது ரூபாய். பாலத்தில் மாமா மூக்கைப் பொத்திக்கொண்டார். கீழே ஆறு கறுப்பாக, நகராமல் கிடந்தது.

இல்லம் சுத்தமாக இருந்தது. அக்காவுக்கென்று காட்டிய அறையில் வெள்ளைச் சுவர், ஒரு கட்டில், ஒரு ஸ்டூல், சுவரில் ஒரு அலமாரித் தட்டு. வேறெதுவும் இல்லை. கெண்ட்டில் இப்படி ஓர் அறையைக் காலி செய்து தருவதற்கு எங்கள் கடைக்குத் தனிக் கட்டணம். அங்கே வெறுமை என்பது விலை கொடுத்து வாங்கும் பொருள். இங்கே, இதுவரை இருந்தவர் போய்விட்டார் என்று மட்டும் அர்த்தம்.

கட்டில் இடுப்பு உயரம் இருந்தது. இரு பக்கமும் இரும்புக் கம்பித் தடுப்பு.

பொறுப்பாளர் ஸ்டெல்லாவிடம், அக்காவைத் தரையிலேயே படுக்க வைக்க முடியுமா என்று கேட்டேன்.

"முடியாது மேடம். குனிஞ்சு குனிஞ்சு எங்க பொண்ணுங்களுக்கு முதுகு போயிடும். அது மட்டுமில்ல, பாக்க வர்ற குடும்பங்க சண்டைக்கு வந்துருவாங்க. காசு வாங்கிட்டு எங்கம்மாவைத் தரையில போட்டிருக்கீங்களான்னு கேப்பாங்க."

அவர் சொன்னதில் தவறில்லை. கெண்ட்டில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் அம்மாவுக்கும் இதே நோய். அவருக்கு எட்டு அங்குல உயரத்தில் ஒரு மரச்சட்டமும் மெத்தையும், பக்கத்தில் தடித்த பாயும் போட்டுக் கொடுத்தேன். அந்தம்மாள் எத்தனையோ முறை உருண்டு பாய்க்கு வந்தார். ஒரு சிராய்ப்புகூட இல்லை. இதையெல்லாம் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். பேசி முடிக்கும்போதுதான் நான் கெஞ்சிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

"கட்டில்னு ஒண்ணு இருந்தாப் போதும் மேடம், குட்டையா இருந்தாலும் பரவால்ல. நீங்களே கொண்டுவாங்க. எங்க டாக்டர் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துட்டா ஓனர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார் அவர்.

புதன்கிழமை முழுவதும் தியாகராய நகரில் அலைந்தேன். உஸ்மான் சாலையில் பாத்திரக் கடைகளையும் புடவைக் கடைகளையும் இடித்துப் பிடித்துக் கடந்து, மூன்று கட்டில் கடைகள் ஏறி இறங்கினேன். எல்லாம் அடியில் பெட்டி வைத்த உயரமான கட்டில்கள். "இவ்ளோ குட்டையா யாரு மேடம் கேப்பாங்க? கீழ துணி வைக்க முடியாதே" என்றார் ஒரு விற்பனையாளர். பொருள் வைக்க இடம் தேடும் ஊரில் என் கேள்வி அவருக்குப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும்.

கடைசியில் கே.கே. நகரில் அன்வர் பாய் என்பவரின் பட்டறையில் ஒப்புக்கொண்டார்கள். எட்டு அங்குல உயரம் என்று தாளில் படம் போட்டுக் காட்டினேன். நான்கு மூலையும் மழுங்கலாக இருக்க வேண்டும், ஆணி எங்கும் தலை நீட்டக் கூடாது என்றேன்.

"கொழந்தைக்காம்மா?" என்று கேட்டார்.

"எங்க அக்காவுக்கு, பாய்."

ஏன், எதற்கு என்று மேலும் கேட்காமல் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சனிக்கிழமை தருவதாகச் சொன்னார், சொன்னபடி தந்தார். பூவரசு மரம். நன்றாக இழைத்திருந்தார். மாமா அதைத் தடவிப் பார்த்து, "இதுல அவ தூங்கிடுவா" என்றார். அந்த வாரத்தில் முதல் முறையாக அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவை அழைத்துப் போனோம். மூன்று மாடிப் படிகளையும் அவள் தானே இறங்கினாள். ஆட்டோவில் என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாலம் தாண்டியதும், "இது நம்ம ரூட் இல்லையே" என்றாள். மாமா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டில் எங்களுக்கு முன்பே குட்டி யானை சரக்கு வண்டியில் வந்து இறங்கியிருந்தது. ஆனால் வராந்தாவில் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார்கள். இல்லத்தின் டாக்டர் ஊரில் இல்லை, திங்கட்கிழமை வந்து பார்த்துத்தான் எழுதிக் கொடுப்பார், அதற்குமுன் மாற்றக் கூடாது என்று உரிமையாளர் போனில் சொல்லிவிட்டாராம். நான் அவரிடமே பேசினேன். மாமாவும் பேசினார். அப்படியானால் நாளைக்குக் கூட்டி வருகிறோம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். ஆனால் மாமா அதற்குள் ஸ்டூலில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவரை வைத்துக்கொண்டு அக்காவை மறுபடி மூன்று மாடி ஏற்ற என்னால் முடியாது என்று தெரிந்தது.

"ஒரு ராத்திரிதானே மேடம். தடுப்பு இருக்கு, பொண்ணு இருக்கா, நானும் இருக்கேன்" என்றார் ஸ்டெல்லா.

திங்கட்கிழமை காலை காபி போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. விடியும் நேரத்தில் அக்கா எழுந்திருக்கிறாள். தடுப்பு வழிவிடவில்லை. அதன்மேல் ஏறித் தாண்டப் பார்த்திருக்கிறாள். பக்கத்து அறைக்குப் போயிருந்த பணிப்பெண் ஓடி வருவதற்குள் விழுந்துவிட்டாள். வெறும் கட்டிலிலிருந்து விழுந்திருந்தால் இடுப்பு உயரம். தடுப்பின் மேலிருந்து விழுந்ததால் நெஞ்சு உயரம்.

இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். "உயிருக்கு ஆபத்தில்ல. ஆனா நடக்க வைக்கிறது கஷ்டம். இந்த நோய்ல பயிற்சி சொன்னாப் புரியாது" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். வார்டுக்கு வெளியே பெஞ்சில் மாமா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "ஆறு மாசம் நான் சரியாத்தானேம்மா பாத்துக்கிட்டேன்?"

"ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க மாமா."

அவர் தலையாட்டினார்.

ஊருக்குத் திரும்பும் தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா எங்கே போவது என்று வேறு வழி தேடினோம். மூன்று மாடிக்கு அவளைத் தூக்கிப் போக முடியாது. பார்த்த மற்ற இல்லங்களிலும் அதே உயரம், அதே கம்பி. கடைசியில் அதே அறைக்கே திரும்ப வந்தாள்.

நான் கிளம்பும் நாளன்று மதியம் போய்ப் பார்த்தேன். அக்கா மல்லாந்து, சீலிங் ஃபேனைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கூப்பிட்டால் கண் திரும்பியது, பேச்சு வரவில்லை. ஸ்டெல்லா என்னோடு வராந்தா வரை வந்தார். பூவரசுக் கட்டில் இன்னும் அங்கேயே சுவரோடு சாய்ந்திருந்தது. இந்த மூன்று வாரத்தில் அவரும் இளைத்திருந்தார். டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாரா என்று கேட்டேன்.

"கொடுத்துட்டாரு மேடம். ஆனா இனிமே அது தேவைப்படாது. அவங்களால எழுந்திருக்க முடியாதே, எப்படி விழுவாங்க?" சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தப்பா நினைக்காதீங்க. இந்தக் கட்டிலை எடுத்துக்கிறீங்களா? ஸ்ட்ரெச்சர் திரும்ப முடியல."

வண்டி பேசி அதை மயிலாப்பூருக்கு அனுப்பிவிட்டு நேரே விமான நிலையம் போனேன்.

கெண்ட்டில் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம், ஆற்றங்கரையில் ஓர் இளம் தம்பதியின் வீட்டுக்குப் போனேன். பழைய சாமான்களையெல்லாம் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார்கள். பாயை விரித்து, சட்டத்தைப் பூட்டி, மெத்தையைப் போட்டேன். அந்தப் பெண் படுத்துப் பார்த்து, கையை நீட்டித் தரையைத் தொட்டாள்.

"வயசானப்புறம் இதுலேர்ந்து எழுந்திருக்கிறது கஷ்டமா இருக்குமோ?" என்று சிரித்தபடி கணவனிடம் கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான்.

கஷ்டமாகத்தான் இருக்கும் என்றேன். எழுந்திருக்க முடிகிறவரை இதிலேயே படுங்கள் என்றேன். அவர்களுக்கு அது வியாபாரப் பேச்சாகக் கேட்டிருக்க வேண்டும். இருவரும் சிரித்துவிட்டு, ஜன்னல் பக்கம் கொஞ்சம் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டார்கள். தள்ளிப் போட்டுக் கொடுத்தேன்.